மழுப்பலுக்கு மருந்து உண்டா?

மருத்துவர் ஒருவர் தம்முன் அமர்ந்திருக்கும் நோயாளியிடம், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கிறார். "எங்கள் குடும்பம் பரம்பரையாகவே உடல்நலத்தில் அக்கறை கொண்ட குடும்பம்" என்று அந்நோயாளி விடை சொன்னால் என்ன ஆகும்? மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிடுவார். ஆனால், இதே விதமான விடையைத்தான் நம் நாட்டின் அரசியல் தலைவர்கள் முக்கால் நூற்றாண்டாக நமக்குச் சொல்லி வருகிறார்கள். நாமோ பேனாவை மூடவில்லை, கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

பொய் வேறு, மழுப்பல் வேறு. பொய் என்றேனும் ஒரு நாள் பிடிபடும். ஏனெனில் அது ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறது. மழுப்பலைப் பிடிக்க முடியாது. அதில் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. பொய் சொன்னவர் பதவி இழந்த வரலாறு உண்டு. மழுப்பியதற்காகப் பதவி இழந்த அமைச்சர் எவரேனும் உண்டா? இதனாலேயே நம் அரசியலில் பொய்யைவிட மழுப்பல் நன்கு செழித்து வளர்ந்திருக்கிறது. மக்களின் உயிரோடு நேரடித் தொடர்புடைய மருத்துவத் துறையில் அது வளர்ந்திருக்கும் விதத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது நம் கடமையாகும்.

கேள்வி மிக எளியது. பணம் இருப்பவரும் இல்லாதவரும் இந்நாட்டில் ஒரே தரமான சிகிச்சையைப் பெறுவது எப்போது? இக்கேள்வி புதியதன்று. 1943-இல் ஆங்கில அரசு அமைத்த சர் ஜோசப் போர் குழு, 1946-இல் தன் அறிக்கையை அளித்தது. கட்டணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்பதே அவ்வறிக்கையின் அடிப்படைக் கொள்கை. விடுதலை பெறுவதற்கு முன்பே வரைபடம் தயாராகிவிட்டது. வீடு மட்டும் இன்னும் முழுமையாக எழவில்லை. ஏன் என்று கேட்போருக்கு ஐந்து விதமான விடைகள் மாறி மாறிக் கிடைத்து வந்துள்ளன.

நாளை, நாளை

முதல் விதம், தள்ளிப்போடுதல். 2000-ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்ற இலக்கை 1978-இல் அல்மா-ஆட்டா மாநாடு அறிவித்தது. 1983-இல் வெளியான நம் முதல் தேசிய நலவாழ்வுக் கொள்கையும் அதையே ஏற்றது. 2000 வந்தது, நலவாழ்வு வரவில்லை. 2002-இல் இரண்டாம் கொள்கை வந்தது. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.9 விழுக்காடாக இருந்த அரசின் மருத்துவச் செலவை 2010-க்குள் 2 விழுக்காடாக உயர்த்துவோம் என்றது. 2004-இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி, தன் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தில், ஐந்து ஆண்டுகளில் 2 முதல் 3 விழுக்காடு என்றது. 2011-இல் திட்டக் குழுவின் உயர்நிலை வல்லுநர் குழு 2017-க்குள் 2.5 விழுக்காடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2017-இல் தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசு வெளியிட்ட மூன்றாம் கொள்கை, அதே 2.5 விழுக்காட்டை 2025-க்குத் தள்ளியது. 2021-22-ஆம் ஆண்டிற்கான தேசிய நலவாழ்வுக் கணக்கு காட்டும் எண் 1.84 விழுக்காடு. அதுவும் கொள்ளைநோயின் நடுவே செலவழிக்க நேர்ந்த ஆண்டு. 2025-உம் வந்து சென்றுவிட்டது. இலக்கை எட்டிவிட்டோம் என்று முழங்க எவரும் முன்வரவில்லை. ஏன் எட்டவில்லை என்று விளக்கவும் எவரும் முன்வரவில்லை.

கவனியுங்கள்: இலக்கைக் கைவிட்டதாக எந்த அரசும் சொன்னதில்லை. கைவிட்டிருந்தால் எதிர்ப்பு எழுந்திருக்கும். தள்ளிப்போட்டால் எவர்க்கும் கோபம் வருவதில்லை. கடன்காரர் "தரமாட்டேன்" என்றால் வழக்குத் தொடுப்போம். "அடுத்த மாதம்" என்றால் திரும்பி வந்துவிடுவோம். நம் அரசியல்வாதிகள் நம்மை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

யார் பொறுப்பு?

இரண்டாம் விதம், தள்ளிவிடுதல். நாடாளுமன்றத்தில் மருத்துவமனைகளின் நிலை பற்றி எவரேனும் வினா எழுப்பினால், பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை என்ற தொடரோடுதான் விடை தொடங்குவது வழக்கம். அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி இது உண்மையே. ஆனால், மருத்துவக் கல்லூரியில் எந்த மாணவர் சேர வேண்டும் என்பதை முடிவு செய்யும் நீட் தேர்வைக் கொண்டுவரும்போது இந்த மாநிலப் பட்டியல் மத்திய அரசின் நினைவுக்கு வரவில்லை. காப்பீட்டு அட்டையில் பிரதமரின் பெயரைப் பொறிக்கும்போதும் வரவில்லை. அத்திட்டத்தின் செலவில் பெரும்பாலான மாநிலங்கள் நூற்றுக்கு 40 பங்கு ஏற்கின்றன. நலவாழ்வு மையத்தின் வாசலில் எந்தப் பெயர்ப்பலகை தொங்குவது என்ற தகராறில், தேசிய நலவாழ்வுத் திட்ட நிதி பஞ்சாப் மாநிலத்திற்கு நிறுத்தி வைக்கப்பட்டதை நாடு பார்த்தது. பலகைக்கு உரிமை கோர இருவர். பழிக்கு உரிமை கோர ஒருவரும் இல்லை.

மாநிலங்களும் இதில் பின்தங்கியவை அல்ல. "மத்திய அரசு நிதி தரவில்லை" என்பது அவற்றின் ஆயத்த விடை. அதில் பல நேரங்களில் நியாயமும் உண்டு. ஆனால், மாநிலங்கள் தத்தம் வரவு செலவுத் திட்டத்தில் 8 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்திற்கு ஒதுக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் கொள்கை குறித்த கெடு 2020-ஓடு முடிந்துவிட்டது. தன் சொந்தப் பணத்தில் தன் மக்களுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று முடிவு செய்ய ஒரு மாநிலத்திற்கு யாருடைய அனுமதி வேண்டும்?

நிதி இல்லை என்ற சாக்கை நம் உச்ச நீதிமன்றம் எப்போதோ தள்ளுபடி செய்துவிட்டது. 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் படுகாயமுற்ற ஒரு தொழிலாளரை, அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக, வசதி இல்லை என்றும் படுக்கை இல்லை என்றும் திருப்பி அனுப்பின. இறுதியில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டித்தான் அவர் பிழைத்தார். 1996-இல் வழங்கிய தீர்ப்பில், அவசர சிகிச்சை மறுக்கப்படுவது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்றும், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி அரசு இக்கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நீதிமன்றம் அடைத்த கதவை அரசியல் மேடை திறந்தே வைத்திருக்கிறது.

எண் இல்லை, ஆகவே இறப்பும் இல்லை

மூன்றாம் விதம், தெரியாதெனச் சொல்லுதல். இதுவே மிகக் கொடியது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களை நாம் மறந்திருக்க இயலாது. ஆக்சிஜன் உருளைக்காக மக்கள் தெருத்தெருவாக அலைந்த நாள்கள் அவை. கர்நாடக மாநிலம் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் மே மாதத் தொடக்கத்தில் ஒரே நாளுக்குள் 24 நோயாளிகள் மாண்டனர். தில்லி மருத்துவமனைகள் மணிக்கணக்கை எண்ணிக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. அவ்வாண்டு ஜூலை 20 அன்று மாநிலங்களவையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தோர் எத்தனை பேர் என்று கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட இறப்பு எதையும் மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்பதே மத்திய நலவாழ்வுத் துறை அளித்த விடை.

இவ்விடையின் இலக்கணத்தைப் பாருங்கள். இறப்பே நிகழவில்லை என்று அது சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும். தெரிவிக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இறப்புச் சான்றிதழில் "ஆக்சிஜன் வரவில்லை" என்று எழுத ஓர் இடம் கிடையாது. "மூச்சுச் செயலிழப்பு" என்றுதான் எழுதுவார்கள். ஆகவே மாநிலங்கள் தெரிவிக்கவில்லை. தெரிவிக்காத மாநிலங்களில் எல்லாக் கட்சிகளின் ஆட்சியும் இருந்தது. எல்லாரும் உண்மை பேசினார்கள். உண்மை மட்டும் வெளிவரவில்லை.

மறைத்த எண் என்றேனும் வெளியே தலைகாட்டும். 2021-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவு அறிக்கை 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் வெளியாயிற்று. 2020-இல் சுமார் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள், 2021-இல் 1 கோடியே 2 லட்சமாக உயர்ந்திருந்தன. ஓராண்டில் ஏறத்தாழ 21 லட்சம் கூடுதல். அவ்வாண்டில் கொரோனாவால் நிகழ்ந்தவையாக அரசு அறிவித்த இறப்புகளோ 3 லட்சத்து 30 ஆயிரம் அளவே. கூடுதலான இறப்புகள் அனைத்தும் அந்நோயால் நேர்ந்தவை என்று சொல்ல முடியாது. பதிவு செய்யும் வழக்கம் பெருகியதும் ஒரு காரணம்தான். எனினும், இவ்வளவு பெரிய இடைவெளிக்கு விளக்கம் கேட்கும் உரிமை மாண்டவர்களின் குடும்பங்களுக்கு உண்டா, இல்லையா? எண்ணப்படாத இறப்பிலிருந்து எந்த அரசும் பாடம் கற்பதில்லை. பாடம் கற்காத அரசு அடுத்த கொள்ளைநோயையும் அதே வெறுங்கையோடுதான் எதிர்கொள்ளும்.

கேட்டது ஒன்று, சொல்வது வேறு

நான்காம் விதம், திசைதிருப்புதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் மருத்துவர் இருப்பாரா என்று கேட்டால், காப்பீட்டு அட்டை எத்தனை கோடிப் பேருக்கு வழங்கப்பட்டது என்று விடை வரும். 2018-இல் தொடங்கிய மத்திய காப்பீட்டுத் திட்டம், குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உதவுகிறது. அதனால் பயன் பெற்ற ஏழைகள் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்குபவர் மருத்துவமனையில் தங்குவதில்லை. ஆகவே அட்டை அவருக்கு உதவுவதில்லை. 2021-22-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் நூற்றுக்கு 39.4 பங்கை மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தார்கள். 2013-14-இல் இருந்த 64.2 பங்கோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே. ஆனால், நோய் வந்த நாளில் கடன் வாங்க ஓடும் குடும்பத்திற்கு இம்முன்னேற்றம் போதுமானதா?

அட்டைகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொன்னவர்கள், 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான தலைமைத் தணிக்கையர் அறிக்கைக்கு அதே உற்சாகத்தோடு விடை சொல்லவில்லை. ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்ததை அவ்வறிக்கை கண்டுபிடித்தது.

2021-22-ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தை மற்றொரு சான்றாகக் கொள்ளலாம். நலவாழ்வுக்கு 2,23,846 கோடி ரூபாய், 137 விழுக்காடு உயர்வு என்ற அறிவிப்பு அவையில் மேசைகளைத் தட்ட வைத்தது. பிரித்துப் பார்த்தபோது, அதற்குள் குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஒதுக்கிய 60,000 கோடியும், தடுப்பூசிக்கான 35,000 கோடியும், ஊட்டச்சத்துத் திட்டமும், மாநிலங்களுக்கான மானியங்களும் அடங்கியிருந்தன. நலவாழ்வுத் துறைக்கென்று இருந்தது சுமார் 71,000 கோடி. குடிநீரும் நலவாழ்வுக்கு இன்றியமையாததே. ஆனால், மருத்துவமனைக்கு எவ்வளவு என்று கேட்டவரிடம் குழாய்க் கணக்கையும் கூட்டிச் சொல்வது விடையாகுமா?

இதில் தமிழகத்திற்கென்று தனி இராகம் ஒன்று உண்டு. எந்தக் கேள்விக்கும், "மருத்துவத்தில் தமிழகம் நாட்டிற்கே முன்னோடி" என்பதே பல்லவி. முன்னோடிதான், ஐயமில்லை. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க 1994-இல் உருவாக்கிய மருத்துவப் பணிகள் கழகமும் பிற மாநிலங்கள் பார்த்துக் கற்றவை. ஆனால், அம்முன்னோடி மாநிலத்தை உருவாக்கியவர்களுள் அரசு மருத்துவர்களும் உண்டல்லவா? 2009-இல் வந்த 354-ஆம் எண் அரசாணையின்படி ஊதிய உயர்வு கேட்டு, 2019 அக்டோபரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று எதிர்க்கட்சி அவர்கள் பக்கம் நின்றது. 2021-இல் அக்கட்சியே ஆட்சிக்கு வந்தது. அதன் பின்னரும் அதே கோரிக்கையோடு அவர்கள் தெருவுக்கு வர நேர்ந்தது. கேட்டவர்கள் மாறவில்லை, விடை சொல்பவர்கள் மட்டுமே இடம் மாறினார்கள்.

ஒரு சொல்லை மாற்றினால் போதும்

ஐந்தாம் விதம், சொல்லை மாற்றுதல். மூன்றாம் நலவாழ்வுக் கொள்கையின் வரைவு, 2014-ஆம் ஆண்டின் இறுதியில் மக்கள் பார்வைக்கு வந்தது. மருத்துவ வசதியைச் சட்டப்படியான உரிமையாக்கலாமா என்ற வினாவை அது துணிந்து எழுப்பியிருந்தது. 2017-இல் இறுதிவடிவம் வந்தபோது, உரிமை என்ற இடத்தில், படிப்படியாக வளரும் "உறுதியளிப்பு" என்ற சொல் அமர்ந்திருந்தது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். உரிமை மறுக்கப்பட்டால் நீதிமன்றம் செல்லலாம். உறுதிமொழி மீறப்பட்டால் எங்கே செல்வது? அடுத்த தேர்தல் கூட்டத்திற்குத்தான்.

2023-ஆம் ஆண்டு மார்ச்சில் இராஜஸ்தான் மாநிலம், நலவாழ்வு உரிமைச் சட்டத்தை நாட்டிலேயே முதன்முறையாக இயற்றியது. தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலானவற்றுக்கு விலக்களித்து அரசு சமரசம் செய்துகொண்டது. அவ்வாண்டின் இறுதியில் ஆட்சி மாறியது. சட்டத்தைச் செயல்படுத்துவதற்குரிய விதிகள் 2025-லும் வந்தபாடில்லை. சட்டப் புத்தகத்தில் உரிமை இருக்கிறது. மருத்துவமனை வாசலில் இல்லை.

முடியாது என்பது உண்மையா?

இவ்வளவு பெரிய நாட்டில் இது எளிதில் நடக்கக்கூடியதா என்று சிலர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. மருத்துவச் சீர்திருத்தம் கடினமானதே. வரி கூட்ட வேண்டும்; தனியார் மருத்துவமனைகளின் கட்டணத்தை நெறிப்படுத்த வேண்டும்; கிராமத்திற்குச் செல்ல மறுக்கும் மருத்துவருக்குப் பரிவும் காட்ட வேண்டும், கண்டிப்பும் காட்ட வேண்டும். இவை அனைத்தும் எவரையேனும் பகைக்கச் செய்யும். "இது கடினம்; இதற்கு இவ்வளவு செலவாகும்; இன்னாரிடமிருந்து வரி பெறுவேன்" என்று ஒரு தலைவர் சொன்னால், அவரை ஏற்கலாம், எதிர்க்கலாம்; மதிக்காமல் இருக்க முடியாது. கடினம் என்று ஒப்புக்கொள்வது மழுப்பலன்று. கடினத்தை மறைக்கவே மழுப்பல் தேவைப்படுகிறது.

நேரான விடை இயலாததும் அன்று. 1997-இன் ஆசிய நிதி நெருக்கடியில் முதலில் வீழ்ந்த நாடு தாய்லாந்து. 2001-ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கே ஒரு கட்சி, ஒருமுறை சிகிச்சைக்கு 30 பாட் என்று வாக்களித்தது. எண் தெளிவாக இருந்தது; எவரும் சரிபார்க்க முடிந்தது. 2002-க்குள் திட்டம் நாடு முழுவதும் பரவியது. அவ்வாண்டே சட்டமும் ஆயிற்று. அதிலும் குறைகள் உண்டு. ஆனால், சொன்னது என்ன, செய்தது என்ன என்று அந்நாட்டு மக்கள் ஒப்பிட முடிந்தது.

நாம் கேட்பது என்ன?

இவ்வளவும் சொன்ன பிறகு, கேட்பவர்களாகிய நம்மைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். மருத்துவப் பணியில் நம் திருச்சபைக்கு நீண்ட பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குண்டூரில் உழைத்த மருத்துவ அருள்சகோதரி மேரி குளோரி, 1943-இல், போர் குழு அமைந்த அதே ஆண்டில், கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கினார். திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1963-இல் வெளியிட்ட சுற்றுமடல், மருத்துவப் பராமரிப்பை மனிதரின் உரிமைகளுள் ஒன்றாக எண்ணியது. ஆயினும், தேர்தல் நாள்களில் நம் பங்குகளுக்கு வேட்பாளர் வரும்போது நாம் கேட்பது என்ன? கல்லறைத் தோட்டத்திற்குச் சுற்றுச்சுவர், திருவிழாவிற்கு மின்விளக்கு. அவை வேண்டாம் என்பதல்ல. நம் பங்கின் எல்லைக்குள் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி எத்தனை பங்குப் பேரவைகள் கேட்டிருக்கின்றன? நம்மில் வசதியுள்ளோர் அரசு மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்திவிட்டோம். ஆகவே அதைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டோம். கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே செல்வதில்லை. அங்கே செல்பவர்களின் குரல் எவர் காதிலும் விழுவதில்லை. மழுப்பலுக்கு இதைவிட நல்ல விளைநிலம் வேறு எங்கே கிடைக்கும்?

நம் கேள்விகளும் திருந்த வேண்டும். "மருத்துவ வசதியை மேம்படுத்துவீர்களா?" என்று கேட்டால், "நிச்சயமாக" என்பதைத் தவிர வேறு விடை வராது. அது கேள்வியே அன்று. மழுப்பலுக்கு நாமே விரிக்கும் பாய். நல்ல கேள்வியில் மூன்று இருக்க வேண்டும்: ஓர் எண், ஓர் ஆண்டு, ஒரு பொறுப்பாளர். இந்த ஒன்றியத்தின் சுகாதார நிலையங்களில் காலியாக உள்ள செவிலியர் பணியிடங்கள் எத்தனை? எந்த ஆண்டுக்குள் நிரப்புவீர்கள்? நிரப்பாவிட்டால் விடை சொல்லப் போகிறவர் யார்? இப்படிக் கேட்டால் "முன்னோடி மாநிலம்" என்று பாட முடியாது. "மாநிலப் பட்டியல்" என்று நழுவ முடியாது. விடை வராவிட்டாலும் நட்டமில்லை; விடை வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த மௌனத்தைக் குறித்து வைத்துக்கொண்டு ஐந்தாண்டு கழித்து அதே கேள்வியை மீண்டும் கேட்க வேண்டும்.

ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேசக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அதை நாம் பேசினால் மட்டும் போதாது. நம்மை ஆள்பவர்களிடமும் கேட்டு வாங்க வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்ற தொடர் எந்தக் காய்ச்சலையும் தணித்ததில்லை. எந்தத் தாயையும் பிரசவ வலியில் காத்ததில்லை. அதைக் கேட்டுத் தலையாட்டும் வரை, மழுப்பல் ஆள்பவரின் குற்றம் மட்டுமன்று. வாக்களிக்கும் நம் உடந்தையும் ஆகும்.